தணல் சட்டி வைத்த மேடை

அன்று அந்தச் சமையலறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரி காளியாத்தாள், அவர் கணவர் சென்னியப்பன், மகன் கிருபாசங்கர், மருமகள் சண்முகப்பிரியா, சென்னியப்பனின் அக்கா ரங்கம்மாள், காளியாத்தாளின் அண்ணன் அங்கப்பன், அங்கப்பனின் மகன் சபரீஷ். வேறு யாரும் இல்லை. ஐயர் கூடத்தில் ஹோமத்துச் செங்கல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சமையல்காரர்கள் பின்பக்கம் இட்லிக் கொப்பரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்தபந்தமாக வந்திருந்த ஒரம்பரை முழுவதும் வாசல் பந்தலில் காபி குடித்துக்கொண்டிருந்தது. துடியலூரிலும் கணபதியிலும் இன்றைக்கு எத்தனையோ பேர் தங்கள் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் மேலே சொன்னவர்கள் மட்டும்தான்.

அது காளியாத்தாளின் புது வீட்டுப் புண்ணியார்ச்சனை. கிருபாசங்கர் கணபதியில் பம்புக்கு உதிரிபாகம் லேத்தில் கடையும் பட்டறை வைத்திருப்பவன். கல்யாணமாகிப் பல வருடம் பட்டறை மாடியிலேயே குடியிருந்துவிட்டு, இப்போதுதான் துடியலூரில் இடம் வாங்கி வீடு கட்டினான். அவனுக்குத் தாய்மாமன் அங்கப்பன். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளும் வாழையும் போட்டிருப்பவர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையாதவர், நாற்காலியில் உட்கார்ந்தால் சாய மாட்டார். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகியும், தங்கைக்குச் செய்ய வேண்டிய சீர் எதிலும் குறை வைத்தவர் இல்லை.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் புது வீடு கட்டினால், சமையல் மேடைக்குப் போடுகிற கல் பிறந்த வீட்டுச் சீர். புண்ணியார்ச்சனை அன்றைக்குப் பிறந்த வீட்டு அடுப்பிலிருந்து தணலை எடுத்து, இரும்புச் சட்டியில் போட்டு, கூடப் பிறந்தவன் தன் கையாலேயே கொண்டுவந்து அந்தக் கல்லின் மேல் வைப்பான். சட்டிக்கு அடியில் பலகையோ துணியோ எதுவும் இருக்கக் கூடாது. அந்தத் தணலில்தான் முதல் பால் பொங்க வேண்டும். கேஸ் அடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அங்கப்பன் பதில் வைத்திருந்தார். கல்லைக் கொடுத்தவனே அதன் மேல் நெருப்பை வைத்துக் காட்டுகிறான். கொடுத்தது தாங்கும் என்பதற்கு அவன் கையே சாட்சி. பெண் கொடுத்த வீட்டில் பிறந்த வீட்டின் பேச்சு நிற்கிறதா இல்லையா என்பது அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

அவருடைய அப்பா வைத்த தணலைத் தாங்கிய கடப்பாக் கல் பவானிப் பக்கம் ஒரு வீட்டில் இன்னும் இருக்கிறது. தங்கை முறைப் பெண்களுக்காக அங்கப்பன் தன் கையால் தணல் வைத்த கிரானைட்டுகள் நாலைந்து ஊரில் இருக்கின்றன. எதிலும் ஒரு கீறல் கிடையாது.

காளியாத்தாள் வீட்டுக்கும் கறுப்பு கிரானைட் போடலாம் என்றுதான் அங்கப்பன் இருந்தார். சபரீஷ்தான் வேறு சொன்னான். அவன் மேட்டுப்பாளையம் ரோட்டில் சமையலறை, குளியலறை சாமான்களுக்கு ஷோரூம் திறந்திருந்தான். அப்பாவை அங்கே அழைத்துப்போய்க் கண்ணாடி மேசை முன்னால் உட்கார வைத்து, பால் வெள்ளையில் ஒரு பலகையைக் காட்டினான். சாலிட் சர்ஃபேஸ் என்று பெயர் சொன்னான். இணைப்பே கண்ணுக்குத் தெரியாது, அழுக்குச் சேர இடுக்கே இருக்காது, பாத்திரம் கழுவும் தொட்டியும் மேடையும் ஒரே வார்ப்பாக வந்துவிடும் என்றான்.

அங்கப்பன் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"கல்லுன்னா ஜில்லுன்னு இருக்கோணுமே கண்ணு. இது என்னமோ வெதுவெதுன்னு இருக்குது?"

"வெளிநாட்டுக் கல்லுங்கப்பா. அது அப்படித்தானுங்க இருக்கும்."

"தணல் சட்டி வெச்சாத் தாங்குமா?"

"கல்லுக்கு என்னங்கப்பா ஆகும்?"

இதுதான் நடந்த பேச்சு. கையில் உணர்ந்ததை விட்டுவிட்டு மகன் வாயை நம்பினார். பெற்ற மகன் சொன்னதைப் போய் இன்னொருவரிடம் விசாரிப்பது அவருக்குக் கேவலம். ஊருக்குத் திரும்பியதும் காளியாத்தாளைக் கூப்பிட்டு, உனக்கு வெளிநாட்டுக் கல் வருகிறது என்றார். ரங்கம்மாளிடமும் சொன்னார். பத்திரிகை கொடுக்கப் போன இடத்திலெல்லாம் சொன்னார். "கல்லு எம்மவன் கடைக் கல்லுங்க" என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

புண்ணியார்ச்சனை அன்றைக்கு விடியும் முன்பே சத்தியமங்கலத்து வீட்டு அடுப்பில் கொட்டாங்குச்சியைப் போட்டு எரித்துத் தணலாக்கி, சாம்பல் மூடி, சட்டியை மணல் பரப்பிய தகரத் தொட்டியில் வைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் அன்னூரில் நிறுத்தி ஒரு பிடி கரி சேர்த்தார். டிரைவர் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு இருமினான். துடியலூர் வந்து மூடியைத் திறந்து விசிறியபோது தணல் செக்கச் செவேலென்று இருந்தது.

சமையலறை வாசலில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சட்டியை இரண்டு இடுக்கியால் பிடித்தபடியே மகனைப் பார்த்தார்.

"எனக்கப்புறம் நீதானே சாமி தூக்கோணும். இன்னைக்கே நீ வெச்சுப் பழகிக்க."

சபரீஷ் பட்டுச் சட்டையைத் தடவிக்கொண்டு சிரித்தான். "நீங்களே வையுங்கப்பா. உங்க கை ராசி எனக்கு வருமுங்களா?"

அந்த வார்த்தையில் அங்கப்பனுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. அவர் உள்ளே நுழைந்தார். மேடை வெள்ளை வெளேரென்று சுவருக்குச் சுவர் நீண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். சண்முகப்பிரியா மட்டும் சட்டியைப் பார்த்ததும் ஒரு எட்டு முன்னால் வந்து, "பெரியப்பா" என்றாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. புகை கண்ணில் பட்டிருக்கும் என்று அங்கப்பன் நினைத்தார். சட்டியை மேடையில் இறக்கி வைத்தார். காளியாத்தாள் பித்தளைச் செம்பில் பாலை ஊற்றிச் சட்டி மேல் வைத்தார்.

எல்லோரும் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே பொங்குமா வடக்கே பொங்குமா என்று சென்னியப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் வந்தது வாசம்தான். பால் வாசமும் இல்லை, கரி வாசமும் இல்லை. வாய்க்கால் மேட்டில் யாரோ பழைய சீப்பைப் போட்டுக் கொளுத்தினால் வருமே, அந்த மாதிரி. கிருபாசங்கர் சுவிட்சுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சட்டிக்கு அடியிலிருந்து டக்கென்று ஒரு சத்தம். பால் அந்த நேரம் பார்த்துப் பொங்கி வழிந்தது. கிழக்கேதான் பொங்கியது, அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

காளியாத்தாள் துணியால் பிடித்துச் செம்பை எடுத்ததும் அங்கப்பன் சட்டியைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம், ஓரம் மஞ்சளாகவும் நடுவில் பழுப்பாகவும். வட்டத்திலிருந்து தொட்டி மூலை வரைக்கும் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

ரங்கம்மாள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டார். "ஏனுங்க மச்சான், பொறந்த ஊட்டுச் சீரு பொசுங்கற வாசம் அடிக்குதுங்களே. கல்லுன்னீங்க?"

அங்கப்பன் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய் மண்ணில் வைத்தார். திரும்பி வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் எழுந்து போனால் தங்கை வீட்டை அவமதித்ததாகிவிடும். போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதற்குள் பந்தலில் பேச்சு இலைக்கு இலை தாவிவிட்டது. அங்கப்பன் தங்கைக்குப் பிளாஸ்டிக்கைச் சீர் கொடுத்துவிட்டார், மகன் கடைச் சரக்கைத் தள்ளிவிட்டார், ரெண்டு நிமிசத்துச் சூட்டில் உருகி ஓடிவிட்டது. மோர் ஊற்ற வந்தவன்கூட அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினான்.

திரும்பிப் போகும்போது மகனுடைய காரில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது கல் இல்லை என்று உனக்குத் தெரியுமா?

சபரீஷ் வண்டியை ஓட்டிக்கொண்டே நிறைய பேசினான். அதில் பாதிக்கு மேல் கல் பொடிதான், ஆகவே கல் என்று சொன்னதில் பொய் இல்லை. கல் என்று சொல்லாமல் வெறும் பேர் சொன்னால் அப்பா சீராக ஏற்றுக்கொள்ள மாட்டார். சண்முகப்பிரியாவுக்கு வெள்ளைதான் வேண்டும் என்று ஆசை. இத்தனை ஒரம்பரை வருகிற இடத்தில் ஒரு மேடையைப் போட்டுக் காட்டினால் நாலு பேர் தங்கள் வீட்டுக்குக் கேட்பார்கள். சூடு விஷயம் ஞாபகமே இல்லை, சின்ன வயதில் பார்த்ததுதானே, வழக்கத்தை மறந்துபோனேன்.

ஷோரூமில் தணல் சட்டி பற்றித் தானே கேட்டது அங்கப்பனுக்கு நினைவிருந்தது. ஆனாலும் மறந்துபோனேன் என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார். வியாபாரத்தில் நூறு யோசனை இருக்கும், காதில் வாங்கியிருக்க மாட்டான். மறதி என்றால் மன்னித்துவிடலாம். தன் சீரை மகன் கடைச் சாம்பிளாக வைத்தான் என்பதைக்கூட மெல்ல மென்று விழுங்கிவிடலாம். சின்னப் பையன் இல்லை, ஆனாலும் பையன்தான். அப்படித்தான் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஆனால் தங்கை வீட்டில் தான் கொடுத்தது என்ன என்று அவருக்கே தெரியாமல் இருந்தது. அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த வாரம் பஸ் ஏறி உக்கடம் வந்தார். அங்கே அப்துல் வஹீது பெரிய கிடங்கு வைத்து கிரானைட், மார்பிள், இந்த மாதிரிப் பலகைகள் எல்லாம் மொத்தமாக விற்கிறார். சபரீஷ் கடைக்கும் சரக்குப் போகிறது அங்கிருந்துதான். அங்கப்பன் வீட்டு மஞ்சள் வேகவைக்கிற களத்துக்குக் கல் கொடுத்த காலத்திலிருந்து பழக்கம்.

வஹீது ஏசி அறையில் உட்கார வைத்து இளநீர் வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் கோபம்தான் வந்தது அவருக்கு. "தணலையே வெச்சீங்களா? என்னங்க அங்கப்பண்ணே, அதென்ன பாறையா?"

"பாறைன்னுதான் சொன்னாங்க வஹீது பாய்."

வஹீது கொஞ்சம் இறங்கி வந்தார். கல்லா என்று கேட்டால் ஆமாம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான், தானும் சொல்லியிருப்பதாக ஒப்புக்கொண்டார். கல் இல்லை என்றால் வாடிக்கைக்காரர் அடுத்த நிமிடம் பிளாஸ்டிக்கா என்று கேட்பார். இரண்டும் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தால் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். உண்மையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தாதுப்பொடி, மீதி அக்ரிலிக் பிசின். இரண்டையும் கலந்து வார்த்தது. மேலே பூச்சு என்று தனியாக ஒன்றும் இல்லை, அடி வரைக்கும் ஒரே பொருள். பிசின் இருப்பதால் சூடு தாங்காது, கத்தியை நேராக வைத்து நறுக்கினால் கோடு விழும். ஆனால் கோடு விழுந்தாலும், மஞ்சள் கறை ஏறினாலும், பொசுங்கினாலும் தேய்த்து எடுத்துவிடலாம். விரிசல் விட்டால் அந்த இடத்தை வெட்டி அதே பலகையில் ஒரு துண்டை ஒட்டித் தேய்த்தால் ஒட்டு தெரியாது. கிரானைட்டில் அது நடக்காது.

"எங்க ஊட்ல தாஜுன்னிசா இதுலதான் சமைக்கிறா. குக்கர் இறக்க ஒரு மரப்பலகை வெச்சிருக்கா, அவ்வளவுதான். பொருள் மேல தப்பில்லீங்கண்ணே. சொன்ன வாயிலதான் தப்பு."

வஹீது வேறு யாரையோ நினைத்துத்தான் சொன்னார். அங்கப்பனுக்குத் தன் வாய் நினைவுக்கு வந்தது. கல் என்று ஊரெல்லாம் சொன்னது அதுதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வஹீது ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார். அங்கப்பன், புண்ணியார்ச்சனை அன்றைக்குச் சமையலறையில் இருந்த அத்தனை பேரும் திரும்ப அங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரங்கம்மாளுக்குத் தானே போன் செய்து, "சித்த வந்துட்டுப் போங்க அம்மணி" என்று கூப்பிட்டார். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, வேடிக்கை என்று மட்டும் புரிந்து முதல் ஆளாக வந்து சேர்ந்தார்.

ஆட்கள் இருவர் வந்து பொசுங்கின இடத்தையும் விரிசலையும் சேர்த்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினார்கள். வஹீதுவின் பையன் முகமது ரியாஸ் மேற்பார்வைக்கு வந்திருந்தான். துண்டு ஒட்டிக் காயும் வரைக்கும் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். அங்கப்பன் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அவர் நின்றார்.

"நான் இதைக் கல்லுன்னு சொன்னேனுங்க. இது கல்லு இல்லை. நெருப்புத் தாங்காது. பிளாஸ்டிக்குன்னு நீங்க பேசிக்கறதும் தப்பு, அதுவும் இல்லை. என்னன்னு தெரிஞ்சுக்காம நான் சொல்லிப்போட்டேன். மாப்ளே, தங்கச்சி, எல்லார்கிட்டயும் சொல்றேன். தப்பு எம்பட வாய்தான். கிரானைட்டே வேணும்னா நாளைக்கே மாத்தித் தாரேன்."

மகன் பெயரை அவர் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். சொல்லி முடித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றார். அந்த நேரம் சபரீஷுக்காக விட்ட இடம். ஒரு வார்த்தை, அப்பாவுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன் என்று அவன் சொல்லியிருந்தால் போதும். சபரீஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காளியாத்தாள்தான் பேசினார். "மாத்தறதாவது. நீங்க கொடுத்ததைப் பேத்துப்போட்டு நான் எதுல சமைப்பேன்? இருக்கட்டும்ங்ணா."

ரங்கம்மாளுக்கு இப்படி ஒரு மனிதர் எழுந்து நின்று சொல்வார் என்று எதிர்பார்ப்பு இல்லை. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உடுங்க மச்சான். வயசான காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியுது."

பிறகு சமையலறையில் தேய்க்கும் மிஷின் ஓடியது. வெள்ளைத் தூள் பறந்தது. துடைத்தபோது ஒட்டும் இல்லை, வட்டமும் இல்லை, விரிசலும் இல்லை. ரங்கம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். விரலால் தடவிப் பார்த்தார். அந்த நிமிடத்தில் சபரீஷுக்கு உயிர் வந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு முன்னால் வந்தான். பாத்ரூமில் போட்டால் எப்படி இருக்கும், பாசி பிடிக்காது, தண்ணீர் உறிஞ்சாது, கை கழுவும் தொட்டியோடு சேர்த்தே செய்யலாம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னான். ரங்கம்மாள் தன் வீட்டு மாடி பாத்ரூமின் அளவைக் கையை விரித்துக் காட்டினார்.

"இது மட்டும் சூடு பட்டா அன்னைக்கு மாதிரி ஆயிருமே?" என்றார்.

"அது அப்பாவுக்கு நான் அப்பவே சொன்னதுதானுங்க பெரியம்மா. சூடு வைக்காதீங்கன்னு. பழைய ஆளுங்க, வழக்கம்னு பிடிச்சா உடமாட்டாங்க."

சபரீஷ் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அங்கப்பன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவன் சொன்னது அவர் காதில் முழுதாக விழுந்தது. பெற்ற மகனைப் பெண் கொடுத்த வீட்டில் வைத்துப் பொய்யன் என்று சொல்ல அவரால் முடியாது. குடும்பத்துப் பேர் என்றால் அவருக்கு அப்படி. தன் பேர் போனாலும் பரவாயில்லை என்று நின்றுவிட்டார்.

பேசியது சண்முகப்பிரியா. இதுவரைக்கும் அந்த வீட்டில் அவள் பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"இல்லீங்க பெரியப்பா. அப்படி இல்லீங்க. இதுல சூடா எதுவும் வைக்கக்கூடாதுன்னு பலகை போட்ட அன்னைக்கே சபரீஷண்ணன் எங்ககிட்டச் சொல்லிட்டாருங்க. பாலைக் கேஸ்லதான் பொங்க வைப்பாங்கன்னும் அவருதான் சொன்னாரு. நீங்க சட்டியத் தூக்கிட்டு வந்ததும் நான் சொல்ல வந்தேனுங்க. அண்ணன் உங்க பின்னால நின்னுட்டுக் கண்ணைக் காட்டினாருங்க, பேசாதேன்னு. வாசல்ல ஒரம்பரை நிக்குதேன்னு நானும் பேசாம இருந்துபோட்டேன்."

அவள் அழத் தொடங்கிவிட்டாள். கிருபாசங்கர் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. ரங்கம்மாள் விரித்த கையை மடக்கிக்கொண்டார்.

மறதி என்று அங்கப்பன் கட்டி வைத்திருந்த சமாதானம் அதோடு போயிற்று. சட்டி கையில் இருந்தபோது தன் முதுகுக்குப் பின்னால் மகன் நின்ற இடம் அவருக்கு இப்போது தெரிந்தது. பந்தலில் வாடிக்கைக்காரர்கள். அவர்கள் முன்னால் தன் சரக்கு சூடு தாங்காது என்று சொல்ல வேண்டிவரும். அதைவிட அப்பா கையால் அது பொசுங்கட்டும். பொசுங்கினால் அப்பாவின் வழக்கத்தின் மேல் போட்டுவிடலாம்.

மகனைப் பார்த்துக் கேட்டார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"அதனாலதான் சட்டிய நீ வாங்கலையா?"

சபரீஷ் சொன்னான், "அத்தனை பேரு முன்னால எப்படிங்கப்பா நான்..."

"எம்பட கைல நெருப்பு இருந்துச்சு கண்ணு. நீ பின்னால நின்னு கண்ணைக் காட்டிட்டிருந்தே."

முகமது ரியாஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான். சென்னியப்பன்தான் நடுவில் வந்து, போகட்டும் மச்சான், பையன் பயந்துபோய்ச் செய்துவிட்டான், வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள் இருக்கட்டும் என்றார். அங்கப்பன் அவரைக் கையமர்த்தினார்.

"மாப்ளே, தையில கோபியில அக்ஷிதா ஊட்டுப் புண்ணியார்ச்சனை வருது. எம்பட மக. அவளுக்குக் கூடப் பொறந்தவன் இவன் ஒருத்தன்தான். மொறைப்படி தணல் இவன் தூக்கோணும்." ஒரு மூச்சு விட்டார். "தூக்க மாட்டான். நான் தூக்கறேன். இவன் வரட்டும், உக்காரட்டும், வயிறாரச் சாப்பிடட்டும். சட்டியத் தொடக் கூடாது."

"அப்பா, ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றான் சபரீஷ். தங்கை வீட்டுக்குத் தணல் தூக்காத அண்ணன் என்றால் அந்தப் பக்கத்தில் அவன் பேச்சை யார் காதில் வாங்குவார்கள் என்று அவனுக்கும் தெரியும். அவன் பிழைப்பே பேச்சில்தான் இருந்தது.

"நீ சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஊர்ல சொன்னேன். இனி ஊரு சொல்றதை நீ கேட்டுக்க."

அதற்குப் பிறகு அவர் காபி குடித்தார். காளியாத்தாள் புது மேடையில்தான் கலந்தார். பாலை இறக்கும்போது சண்முகப்பிரியா அவசரமாக ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டாள். அங்கப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, போயிட்டு வாரேனுங்க என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார். மகனிடமும் சொன்னார். அவன் காரில் ஏறாமல் பஸ்ஸுக்கு நடந்தார். கிருபாசங்கர் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிப்போய்ப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவந்தான்.

தை வந்தது. அக்ஷிதாவும் தன் வீட்டுக்கு அதே வெள்ளைப் பலகையைத்தான் கேட்டிருந்தாள். தேய்த்தால் புதுசாகிவிடும் என்று அவள் மாமியாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கப்பன் மறுக்கவில்லை. பலகையை வஹீதுவிடமே நேராகச் சொல்லிப் போட்டார். புண்ணியார்ச்சனை அன்றைக்குச் சட்டியோடு சமையலறைக்குள் போவதற்கு முன்னால், பந்தலில் ஒரம்பரை முழுவதும் கேட்கும்படி நின்று சொன்னார். இது கல்லு இல்லைங்க, பிளாஸ்டிக்கும் இல்லைங்க, பொடியும் பிசினும் கலந்து வார்த்தது, நெருப்பு ஆகாது, நான் கொடுக்கறது இதுதான். எங்கோ ஒருவர், இப்படிச் சொல்லி யாரும் சீர் கொடுத்து நான் பார்த்ததில்லை என்றார். பிறகு அங்கப்பன் உள்ளே போய், மேடைக்கு நேர் கீழே தரையில் மூன்று செங்கல் வைத்து, அதன் மேல் சட்டியை இறக்கினார். தலைமுறையாக மேடை மேல் வைத்த சட்டி அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தரைக்கு வந்தது. எழுபதைத் தாண்டியவர் குனிந்து வைக்கச் சிரமப்பட்டார். ஒரு கை கொடுக்க அக்ஷிதாவின் கணவன் வந்தான். வேண்டாம் என்று தலையசைத்தார். பால் பொங்கியது.

அன்றைக்குச் சபரீஷை அங்கப்பன் வாசலிலேயே நிறுத்திவிட்டார், அவன் தங்கை வீட்டுக்குள் கால் வைக்க விடவில்லை என்று துடியலூரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சபரீஷ் வந்திருந்தான். கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். முதல் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் சாப்பிட்டான். சட்டியைத் தொடவில்லை.